படியில்லா வண்டியும் விரலடித் துடுப்பும்

சக்கரம் உருளத் தொடங்கிய நாள்தொட்டு மனிதனுக்கு இரு கவலைகள் உண்டு. ஏற்றத்தில் வண்டியை எவ்வாறு இழுப்பது என்பது ஒன்று. இறக்கத்தில் அதனை எவ்வாறு தாங்கிப் பிடிப்பது என்பது மற்றொன்று. நம் சிற்றூர்களில் பாரம் ஏற்றிய மாட்டு வண்டி மேட்டில் ஏறும்போது காளைகள் தலையைத் தாழ்த்தி முன்னே உந்தும். பள்ளத்தில் இறங்கும்போது அவையே கால்களை ஊன்றி, பின்னே சாய்ந்து, நுகத்தடியால் வண்டியைத் தாங்கும். இழுப்பதும் தாங்குவதும் ஒரே காளையின் இரு தொழில்கள். மோட்டார் எஞ்சினுக்கும் இவ்விரு தொழில்களும் உண்டு. முதல் தொழிலை நாம் அனைவரும் அறிவோம். இரண்டாவதை மறந்து வருகின்றோம்.

இக்காலத்தே கார்டன் ரீச்சில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிடையே கிளட்ச் இல்லாத கார்கள் பெருகி வருகின்றன. துறைமுகத்தை நோக்கிக் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக ஊர்ந்து செல்லும் சாலையில், இடக்காலுக்கு ஓய்வு தரும் வண்டி ஒரு பெரும் பேறே ஆகும். அத்தகைய வண்டிகள் சிலவற்றில், ஸ்டியரிங் சக்கரத்தின் பின்புறத்தே, இருபுறமும் காதுமடல்போல இரண்டு சிறு தகடுகள் உள்ளன. ஒன்றில் கூட்டல் குறியும் மற்றொன்றில் கழித்தல் குறியும் காணப்படும். இவற்றைப் பேடில் ஷிப்டர் என்பர். நாம் ஈண்டுத் துடுப்பு என்றே வழங்குவோம்.

“கியரே இல்லை என்று சொல்லி விற்ற வண்டியில் கியர் மாற்றும் துடுப்பு எதற்கு?” என்று இளைஞர்கள் வினவுகின்றனர். நல்ல வினா. இதற்கு விடை காண வேண்டுமாயின் சற்றே வரலாற்றின் வழியே நடந்து வருதல் வேண்டும்.

பல்லும் சக்கரமும்

நீராவி எஞ்சினுக்குக் கியர்ப் பெட்டி வேண்டியதில்லை. நின்ற நிலையிலேயே அது முழு வலிமையுடன் இழுக்கும். பெட்ரோல் எஞ்சினின் இயல்பு வேறு. அது விரைந்து சுழலும்போதுதான் வலிமை பெறும். மெல்லச் சுழன்றால் சோர்ந்து நின்றுவிடும். ஆகவே எஞ்சின் விரைந்து சுழலவும் சக்கரம் மெல்லச் சுழலவும் இடையே ஒரு தரகன் தேவைப்பட்டான். அத்தரகனே கியர்ப் பெட்டி. 1890களில் பிரெஞ்சு நாட்டுப் பனார், லெவசோர் நிறுவனத்தார், நகரும் பற்சக்கரங்களைக் கொண்ட கியர் முறையை மோட்டார் வண்டியில் நிலைபெறச் செய்தனர். பல்லோடு பல் மோதி அலறும் அம்முறையைப் பழகுவது எளிதன்று. 1928இல் அமெரிக்கக் காடிலாக் கார் நிறுவனத்தார், பற்சக்கரங்களின் வேகத்தை ஒத்திசைத்துப் பின்னர் இணைக்கும் முறையைப் புகுத்தினர். 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபீல் காரில் ஹைட்ரா-மேட்டிக் என்னும் பெயருடன், தானே கியர் மாற்றும் பெட்டி வந்தது.

நம் வங்கத்திலோ, ஹூக்ளி ஆற்றின் கரையில் உத்தரபாராவிலே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை எழுந்தது. 1942இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கிய அந்நிறுவனம் 1948இல் உத்தரபாராவுக்கு வந்தது. அங்கே 1950களின் இறுதியில் தோன்றிய அம்பாஸடர் கார், 2014 மே மாதம் வரை உற்பத்தியாயிற்று. பழைய அம்பாஸடரில் கியர்த் தண்டு தரையிலே இல்லை. ஸ்டியரிங் தண்டோடு ஒட்டியே நீண்டிருந்தது. கல்கத்தா டாக்ஸி ஓட்டுநர்கள் இடக்கையை ஸ்டியரிங்கிலிருந்து அதிகம் அகற்றாமலே கியர் மாற்றுவதை நம்மில் மூத்தவர்கள் பலர் கண்டிருப்பர். பிற்காலத்தே அத்தண்டு தரைக்கு இறங்கியது. இன்றைய துடுப்போ மீண்டும் ஸ்டியரிங்கின் அருகுக்கே வந்து சேர்ந்துள்ளது. கையின் அருகே கருவி இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று என்பதை இதனால் அறியலாம்.

படிகளும் படியின்மையும்

படி என்றால் என்ன, படியின்மை என்றால் என்ன என்பதை இருப்புப் பாதையும் டிராமும் நமக்கு எளிதில் விளக்கும். கல்கத்தாவின் முதல் மின்சார டிராம் 1902 மார்ச் 27ஆம் நாள் எஸ்பிளனேடிலிருந்து நம் அண்டைப் பகுதியாகிய கிதர்ப்பூருக்கு ஓடியது. டிராம் ஓட்டுநரின் கைப்பிடி சிறிது சிறிதாக, ஒவ்வொரு படியாக நகரும். ஒவ்வொரு படிக்கும் மோட்டாருக்குச் செல்லும் மின்வலிமை கூடும்.

1964இல் வாரணாசி டீசல் எஞ்சின் ஆலையிலிருந்து வெளிவரத் தொடங்கிய டபிள்யூ.டி.எம்.2 எஞ்சினில் இருந்த வியப்பு இன்னும் பெரிது. அதில் டீசல் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்றும். ஜெனரேட்டர் தரும் மின்சாரம் சக்கரத்து மோட்டார்களை இயக்கும். இடையே மாற்ற வேண்டிய கியர் எதுவும் இல்லை. ஆயினும் ஓட்டுநரின் கைப்பிடிக்கு எட்டு நாட்ச்சுகள் உண்டு. ஆற்றல் செல்லும் வழி படியற்றது. ஆணை இடும் கைக்கோ படிகள் உண்டு. இந்த எட்டு நாட்ச்சுகளை நினைவில் வைத்துக்கொண்டால், காரின் துடுப்பும் நமக்குப் புதிராகத் தோன்றாது.

ஹாலந்து நாட்டு இரப்பர் வார்

படியில்லாத வேகமாற்றியின் முதற் கருத்து, 1490ஆம் ஆண்டையொட்டி இத்தாலிய மேதை லியனார்டோ டா வின்சி வரைந்த குறிப்புகளிலேயே உள்ளதெனக் கூறுவர். அக்கருத்தைப் பெருமளவில் காருக்குள் வைத்துச் சாலையில் ஓடச் செய்த பெருமை ஹாலந்து நாட்டு ஹப் வான் டோர்னைச் சாரும். 1928இல் ஐந்தோவன் நகரில் தொழில் தொடங்கிய அவர், டாஃப் என்னும் புகழ்பெற்ற லாரி நிறுவனத்தை வளர்த்தார். 1958 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் டாஃப் 600 என்னும் சிறு கார் வைக்கப்பெற்றது. அதன் வேகமாற்றிக்கு வேரியோமேட்டிக் என்று பெயர்.

அதன் செயலைப் புரிந்துகொள்ள நம் இல்லத்துத் தையல் இயந்திரம் போதும். கீழ்ச் சக்கரம் பெரிது. மேற் சக்கரம் சிறிது. கீழே ஒரு சுற்றுக்கு மேலே பல சுற்று. அவ்விரு சக்கரங்களும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒன்று மெல்லப் பெருத்தும் மற்றொன்று மெல்லச் சிறுத்தும் வந்தால் எப்படி இருக்கும்? அதுவே வேரியோமேட்டிக். இரண்டு கப்பிகள், ஒவ்வொரு கப்பியும் எதிரெதிரே வைத்த இரு கூம்புகளால் ஆயது. கூம்புகள் நெருங்கினால் இடையிலுள்ள வார் வெளிவிளிம்புக்கு ஏறும். கப்பி பெரிதானதற்கு ஒப்பாகும். விலகினால் வார் உள்ளே இறங்கும். கப்பி சிறிதானதற்கு ஒப்பாகும். முதல் கியர், இரண்டாம் கியர் என்ற படிகள் இல்லை. மாடிப்படிக்கு மாற்றாகச் சாய்தளம் அமைத்ததைப் போன்றது இது.

இரப்பர் வாருக்குக் குறைகள் உண்டு. பெரிய எஞ்சினின் வலிமையை அது தாங்காது. அதற்கு மாற்றாக வான் டோர்ன் எஃகு வாரினை உருவாக்கலானார். மெல்லிய எஃகு வளையங்களில் நூற்றுக்கணக்கான எஃகுத் துண்டுகளைக் கோத்துச் செய்த அவ்வார், இழுப்பதற்கு மாறாக ஒரு துண்டு மற்றொன்றைத் தள்ளுவதால் ஆற்றலைச் செலுத்தும். 1979இல் அவர் மறைந்தார். 1987இல் ஜப்பானின் சுபாரு ஜஸ்டி, ஐரோப்பாவின் ஃபோர்டு ஃபியஸ்டா, ஃபியட் யூனோ ஆகிய கார்கள் எஃகு வாருடன் சந்தைக்கு வந்தன. இம்முறையே சி.வி.டி. என்னும் மூன்றெழுத்தால் இன்று உலகெங்கும் வழங்குகின்றது.

படியில்லா வேகமாற்றியை முதன்முதலில் நம் இல்லங்களுக்குக் கொண்டு வந்தது கார் அன்று, ஸ்கூட்டர்! 1984இல் ஏற்பட்ட கூட்டுறவால் மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில் உருவான கைனடிக் ஹோண்டா, இந்தியச் சாலைகளில் கியரில்லா ஸ்கூட்டருக்கு வழி திறந்தது. ஓசூர் டி.வி.எஸ். ஆலையின் ஸ்கூட்டியில் அமர்ந்து பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் செல்லும் நம் பெண்மக்கள் ஓட்டுவதும் படியில்லா வேகமாற்றியையே. அவர்களே இத்துறையில் நமக்கு மூத்தோர் எனலாம்.

பந்தயக் களத்தில் பிறந்த துடுப்பு

துடுப்பின் கதை வேறொரு களத்தில் தொடங்குகின்றது. பார்முலா ஒன் பந்தயக் கார்களில் ஓட்டுநர் அமரும் இடம் மிகக் குறுகியது. கியர்த் தண்டுக்கு இடம் ஒதுக்குவதே பெரும் பாடு. ஃபெராரி நிறுவனத்திற்குக் கார் வடிவமைத்த ஜான் பர்னார்டு என்னும் ஆங்கிலேயர், தண்டையே அகற்றிவிட்டு, ஸ்டியரிங்கின் பின்னே இரு துடுப்புகளை வைத்தார். துடுப்பைத் தொட்டால் மின்சாரமும் எண்ணெய் அழுத்தமும் சேர்ந்து கியரை மாற்றும். 1989 மார்ச் 26ஆம் நாள் பிரேசில் பந்தயத்தில் நைஜல் மான்செல் ஓட்டிய அந்த ஃபெராரி 640 கார், தன் முதற் பந்தயத்திலேயே வெற்றி பெற்றது. சில ஆண்டுகளில் பந்தயக் களம் முழுவதும் துடுப்பு பரவிற்று. 1997இல் ஃபெராரி 355 வழியாக அது சாலைக் காருக்கும் வந்தது.

அதே களத்தில் 1993இல் வில்லியம்ஸ் அணியினர் சி.வி.டி. பொருத்திய காரைச் சோதித்தனர். எஞ்சின் எந்நேரமும் தன் உச்ச வலிமையிலேயே சுழன்றது. ஓசை ஏறாமலும் இறங்காமலும் ஒரே சுருதியில் நின்றது. ஆனால் 1994ஆம் ஆண்டின் விதிகள் அம்முறையைத் தடை செய்துவிட்டன. ஆக, படியில்லா வேகமாற்றி பந்தயக் களத்திற்குள் நுழையாமலே வெளியேறியது. துடுப்போ அங்கிருந்து உலகெங்கும் சென்றது. பிரிந்த இவ்விரண்டும் பிறகு நம் வீட்டுக் காரில் கைகோத்தன!

ஏன் கைகோத்தன?

சி.வி.டி. காரில் அமர்ந்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் முதலில் எஞ்சின் ஓசை உயரும். வேகம் அதன் பின்னரே மெல்லக் கூடும். இரப்பர்க் கயிற்றை இழுத்துவிட்டாற் போன்ற உணர்ச்சி என்று பலர் குறை கூறினர். காது படிப்படியாக ஏறி இறங்கும் ஓசைக்குப் பழகியது. கையும் தன் ஆணைக்கு வண்டி உடனே இணங்குவதை விரும்பியது. 1997இல் நிசான் நிறுவனத்தார் ஜப்பானில் பிரைமெரா காரின் சி.வி.டி.யில் ஆறு படிகளைக் கையால் தேர்ந்துகொள்ளும் முறையைச் சேர்த்தனர். இந்தியாவில் 2014இல் வந்த ஹோண்டா சிட்டி, டொயோட்டா கரோலா ஆல்டிஸ் ஆகிய கார்களில் ஏழு படிகளும் துடுப்பும் அமைந்தன.

இப்படிகள் உண்மையான பற்சக்கரங்கள் அல்ல. கூம்புக் கப்பிகளை ஏழு குறித்த இடங்களில் நிறுத்தி வைக்குமாறு கணிப்பொறி இடும் கட்டளையே அவை. சாய்தளத்தில் ஏழு இடங்களில் சுண்ணாம்பால் கோடு கிழித்து, “இது முதற்படி, இது இரண்டாம் படி” என்று பெயரிட்டாற் போன்றது. வலத் துடுப்பை இழுத்தால் ஒரு கோடு மேலே. இடத் துடுப்பை இழுத்தால் ஒரு கோடு கீழே. எட்டு நாட்ச்சு டீசல் எஞ்சினை இங்கே நினைவு கூர்க.

அங்ஙனமாயின் இது வெறும் விளையாட்டுப் பொருளோ? சமதளச் சாலையில் ஏறத்தாழ அப்படித்தான். துடுப்பைக் கொண்டு கணிப்பொறியை வென்றுவிடலாம் என்று எண்ணுதல் வீண். எந்த வேகத்திற்கு எந்த விகிதம் ஏற்றது என்பதை அது நம்மினும் விரைந்து கணிக்கும். கிதர்ப்பூர் நெரிசலில் துடுப்பைத் தட்டிக்கொண்டிருந்தால் பெட்ரோல் செலவு கூடுமே அன்றிப் பயன் இல்லை. முந்திச் செல்வதற்குச் சற்று முன்பு இடத் துடுப்பை ஓரிரு முறை இழுத்து, எஞ்சினை ஆயத்தமாக்கிக்கொள்ளுதல் ஒரு பயன். ஆனால் அதன் தலையாய பயன் வேறிடத்தில் உள்ளது. அஃது இறக்கம்.

இறக்கத்தில் தாங்கும் காளை

பூஜை விடுமுறையில் நம் குடும்பங்கள் பல டார்ஜிலிங் செல்கின்றன. கோடை விடுமுறையில் தாயகம் சென்று நீலகிரிக்கும் கொல்லிமலைக்கும் செல்வோர் உண்டு. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. பிரேக் செயலிழந்து வண்டிகள் உருண்ட கதைகள் கல்லட்டிக்குப் புதியன அல்ல.

பிரேக் ஏன் செயலிழக்கின்றது? ஒரு சிறு கணக்குப் போடுவோம். டார்ஜிலிங்கிலிருந்து சமவெளிக்கு இறங்கும் உயரம் ஏறத்தாழ 2,000 மீட்டர். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல், ஏறக்குறைய 75 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் ஒரு பங்கைச் சாலையின் உராய்வும் காற்றின் தடையும் வாங்கிக்கொள்ளும். எஞ்சிய வெப்பம் முழுவதையும் நான்கு சக்கரங்களின் பிரேக்குகளே தாங்க வேண்டுமாயின் அவை என்னாகும்? பிரேக் கட்டைகள் பற்றும் தன்மையை இழக்கும். ஈரம் கலந்த பழைய பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியாகும். அப்போது மிதிகட்டை பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது.

நீலகிரி மலை ரயிலை அமைத்தோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் சென்ற அப்பாதையில், 12 அடிக்கு 1 அடி ஏறும் செங்குத்தான பகுதியில் இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல்லுள்ள தண்டவாளம் ஒன்றையும் அமைத்தனர். அப்பல்லில் எஞ்சினின் பற்சக்கரம் பற்றிக்கொள்ளும். ஏறுவதற்கு மட்டுமன்று, இறங்குவதற்கும் அதுவே பிடி. டீசல், மின்சார எஞ்சின்களிலும் டைனமிக் பிரேக் என்னும் முறை உண்டு. இறக்கத்தில் சக்கரத்து மோட்டார்களே ஜெனரேட்டர்களாக மாறி வண்டியின் வேகத்தைத் தின்னும். பிரேக் கட்டைக்கு மட்டுமே பாரத்தை ஒப்படைக்கலாகாது என்பது இருப்புப் பாதை உலகம் பல தலைமுறை கற்ற பாடம்.

காரில் அந்தத் தொழிலைச் செய்வது எஞ்சின். காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, கியரைத் தாழ்த்தினால், சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற வேண்டி வரும். அந்த உழைப்பே வண்டியைப் பின்னே பிடிக்கும். முன்பு கிளட்ச் வண்டியில் ஓட்டுநர் இரண்டாம் கியருக்கு மாற்றி இதனைச் செய்தார். சி.வி.டி. காரோ, தன் இயல்புக்கு விட்டால், பெட்ரோலை மிச்சப்படுத்த விரும்பி எஞ்சினை மெல்லச் சுழலவே விடும். தாங்கும் வலிமை குறையும். அப்போதுதான் இடத் துடுப்பு வேண்டும். துடுப்பு, எஞ்சின் என்னும் காளையை நோக்கி, “இனி இழுக்க வேண்டா, தாங்கு” என்று கூறும் சொல் ஆகும்.

கைக்கொள்ள வேண்டியன

இறக்கம் தொடங்கும்போதே, வளைவுக்கு முன்பாகவே, துடுப்பால் படியைத் தாழ்த்துக. பல வண்டிகளில் டி நிலையில் இழுத்த துடுப்பின் ஆணை சிறிது நேரத்தில் தானே நீங்கிவிடும். எஸ் போன்ற நிலையில் வைத்து இழுத்தால் நிலைத்து நிற்கும். தத்தம் வண்டியின் கையேட்டைப் படித்து இதனை அறிந்துகொள்க. துடுப்பில்லாத வண்டிகளில் எல் அல்லது எஸ் என்னும் நிலை இருக்குமாயின் அதுவே இத்தொழிலைச் செய்யும்.

ஒவ்வொரு படியாகத் தாழ்த்துக. மழையில் நனைந்த மலைச்சாலையில் ஒரேயடியாகத் தாழ்த்தினால் சக்கரம் வழுக்கக்கூடும். எஞ்சின் அளவு மீறிச் சுழலும் என்று கண்டால் கணிப்பொறி நம் ஆணையை மறுக்கும். அதனைப் பழுதென்று எண்ண வேண்டா. பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்காமல், அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துப் பின் விட்டுவிடுக, பிரேக் ஆறும். எஞ்சின் தாங்கும்போது பின்புறச் சிவப்பு விளக்கு எரியாது என்பதால், பின்னே வண்டி வந்தால் மிதிகட்டையை இலேசாகத் தொட்டு விளக்கைக் காட்டுக.

இறுதியாக ஒன்று. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்னும் எண்ணம் நம் குடும்பங்களில் பலரிடம் வேரூன்றியுள்ளது. சிக்கனம் நம் இரத்தத்தில் ஊறியது. ஆனால் இது பொய்ச் சிக்கனம். இக்காலத்து எஞ்சின்களில், காலை எடுத்துவிட்டுக் கியரிலேயே இறங்கும்போது எரிபொருள் பாய்வது அறவே நிறுத்தப்படும். நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமலிருக்க எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கும். காளைகளை அவிழ்த்துவிட்டு வண்டியை மலையிலிருந்து உருட்டிவிடுபவனை நாம் சிக்கனக்காரன் என்போமா?

முடிவுரை

மனிதன் ஒவ்வொரு தலைமுறையிலும் தன் உழைப்பின் ஒரு பகுதியை எந்திரத்திடம் ஒப்படைத்து வந்துள்ளான். அதில் குற்றமில்லை. இடுப்பு வலியுள்ள முதியவரும், கிளட்ச்சுக்கு அஞ்சிக் கார் ஓட்டாதிருந்த நம் சகோதரியரும் இன்று துணிந்து சாலைக்கு வருகின்றனர் என்றால் அது வான் டோர்ன் போன்றோர் தந்த கொடை. ஆனால் உழைப்பை ஒப்படைக்கும்போது அறிவையும் சேர்த்து ஒப்படைத்துவிடலாகாது. முன்னோர் கியர்த் தண்டைப் பிடித்து வலியோடு கற்றதை, இன்றைய இளைஞர் ஓட்டும் பள்ளியில் கற்பதில்லை. கற்க வேண்டிய நெருக்கடியும் இல்லை. முதல் மலைப் பயணத்தில்தான் அந்நெருக்கடி வருகின்றது. அப்போது குழந்தைகளும் பெரியோரும் பின்னிருக்கையில் அமர்ந்திருப்பர்.

ஆதலின் விடுமுறைக்குப் புறப்படும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நெரிசல் இல்லாத வேளையில், கார் வைத்திருக்கும் குடும்பத்தினர் தம் பிள்ளைகளுக்கு இடத் துடுப்பின் தொழிலைக் கற்றுக் கொடுப்பாராக. அரை மணி நேரம் போதும். வண்டியை ஓடச் செய்யும் கல்வியோடு, ஓடும் வண்டியைத் தாங்கும் கல்வியும் நம் இல்லந்தோறும் பரவட்டும். சங்கத்துக் குடும்பங்கள் செல்லும் பயணமெல்லாம் நலமே முடிக!